தட்டைத் தட்டினால் திரும்புகிறான், பேச்சுதான் வரவில்லை

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். "அம்மா", "மாமா" தவிர வேறு சொல் வரவில்லை. எது வேண்டுமென்றாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறான். பிறந்தபோது மஞ்சள் காமாலை ரொம்ப ஏறி, ரத்தம் மாற்றி, ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். காது டெஸ்ட் எடுத்து, ஒரு காது சரியாக வரவில்லை, திரும்ப வாருங்கள் என்று தேதி கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் வீட்டுக்காரருக்கு வேலை மாறி இங்கே வந்துவிட்டோம், போகவில்லை. இங்கே கிளினிக்கில் கேட்டால் ஆண் பிள்ளைதானே, மூன்று வயது வரை பார்க்கலாம் என்கிறார்கள். அவன் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினான் என்று மாமியார் சொல்கிறார். வீட்டுக்காரர் அவனுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தார், திரும்பினான். அப்படியென்றால் காது நன்றாகத்தானே இருக்கிறது? அவர் என் அத்தை மகன், அதனால் ஏதும் இருக்குமா? காது மெஷின் போட வேண்டிவந்தால் நிறைய செலவாகுமா? தமிழை விட்டுவிட்டு வீட்டில் மலாய் மட்டும் பேசு, சீக்கிரம் பேசிவிடுவான் என்று கூட வேலை செய்கிற தோழி சொல்கிறாள். என்ன செய்வது?

பதில்: வணக்கம் சகோதரி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வயது வரை பார்க்கலாம் என்று மாமியார் சொன்னாலும் சரி, கிளினிக்கில் சொன்னாலும் சரி, காத்திருக்காதீர்கள். மகன் எப்போது பேசுவான் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காது கேட்கிறதா என்பதை ஒன்றிரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்துகொள்ளலாம். அப்படி இருக்கும்போது ஊகத்தை நம்பி இன்னும் ஒன்பது மாதம் எதற்கு? காது நன்றாகவே இருக்கலாம். அப்படி இருந்தால் சந்தோஷம், பேச்சு ஏன் வரவில்லை என்று அப்புறம் வேறு பக்கம் தேடலாம். ஆட்டிசமோ என்று சந்தேகப்படுகிற டாக்டர்கூட முதலில் காது ரிப்போர்ட் எங்கே என்றுதான் கேட்பார்.

உங்கள் வீட்டுக்காரர் தட்டைத் தட்டிப் பார்த்ததைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் காது பரிசோதனை அறைக்கு வருகிற பெற்றோரில் பாதிப் பேர் இதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். சிலர் பூஜை மணியை அடித்துப் பார்ப்பார்கள், சிலர் கதவை அறைந்து பார்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால், எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினால் அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். நாம் பேசுகிற சத்தம் அதில் ஒரு பங்குகூட வராது. பலகைத் தரையாக இருந்தால் அதிர்வு பிள்ளையின் காலுக்கே போய்விடும், பின்னால் ஆள் வந்து நிற்கும்போது நிழல் விழும், எதிரே உட்கார்ந்திருக்கிற பாட்டியின் கண் அந்தப் பக்கம் போகும். காது மந்தமான பிள்ளைகள் இதையெல்லாம் கவனிப்பதில் கெட்டிக்காரர்கள். அப்புறம் இன்னொன்று, ஒரு காது மட்டும் கேட்டாலும் திரும்பத்தான் செய்வான்.

பேச்சு கேட்பது வேறு விஷயம். காதுக்குள் கனத்த ஒலிக்கு ஓர் இடம், மெல்லிய கூர்மையான ஒலிக்கு ஓர் இடம் என்று தனித்தனியாக இருக்கிறது. பெரும்பாலும் கெடுவது கூர்மையான ஒலிக்கான பகுதிதான். அந்தப் பிள்ளைக்கு லாரி கேட்கும், உறுமி மேளம் கேட்கும், அப்பாவின் மோட்டார் வாசலில் வந்து நின்றதும் ஓடுவான். நீங்கள் பேசுவதில் "அ", "ஆ", "ம்" எல்லாம் கேட்கும். "ச்", "ஸ்", "ட்", "த்", "க்" எல்லாம் விழாது, அல்லது அரைகுறையாக விழும். "சித்தி சட்டை தைக்கிறாங்க" என்று நீங்கள் சொன்னால் அவனுக்குக் கிடைப்பது வெறும் "இ-இ-அ-ஐ" மாதிரி ஏதோ ஒன்று. அதிலிருந்து எந்தச் சொல்லை அவன் கற்றுக்கொள்வான்? "அம்மா", "மாமா" இரண்டும் கனத்த ஒலி, போதாததற்கு உதடு மூடித் திறப்பது கண்ணுக்கே தெரியும். எல்லாப் பிள்ளைக்கும் முதலில் வருகிற சொற்கள்தான், அதனால் அதை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்யவில்லை. ஆனால் ஒரு வயதை ஒட்டி முதல் சொல், இரண்டு வயதில் ஐம்பது சொல்லாவது, "அம்மா தா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்ப்பது, இதுதான் சாதாரணமாக நாங்கள் எதிர்பார்ப்பது. இரண்டே கால் வயதில் இரண்டு சொல் என்றால், ஆண் பிள்ளை என்பதற்காக விட்டுவிட முடியாது. ஆண் பிள்ளைகள் கொஞ்சம் பின்னால் வருவார்கள்தான், இவ்வளவு தூரம் அல்ல.

இப்போது மஞ்சள் காமாலைக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். சாதாரணக் காமாலை நம் ஊரில் எத்தனையோ குழந்தைகளுக்கு வருகிறது, மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வீட்டுக்கு வந்து பார்ப்பார், நீல விளக்கில் இரண்டு நாள் வைப்பார்கள், போய்விடும், காதுக்கு ஒன்றும் ஆகாது. ரத்தம் மாற்றுகிற அளவுக்கு ஏறியது என்றால் கதை வேறு. உடம்பை மஞ்சளாக்குகிற பிலிரூபின் ரத்தத்தில் அந்த அளவுக்குக் கூடும்போது காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்புப் பாதை பாதிக்கப்படலாம். இப்படிப் பாதிக்கப்பட்ட சில குழந்தைகளுக்கு உள்காது நன்றாக வேலை செய்யும், ஒலி உள்ளே போகும், ஆனால் நரம்பில் சிதறிப்போய், அலைவரிசை சரியாகப் பிடிக்காத மின்னல் எஃப்எம் மாதிரி, சத்தம் இருக்கும், என்ன சொல்கிறார்கள் என்று புரியாது. தட்டுக்குத் திரும்புகிற, பேச்சு வராத பிள்ளை என்றால் இதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதனால் எந்த டெஸ்ட் என்பது முக்கியமாகிறது. குழந்தைகளுக்கு இரண்டு வகை உண்டு. ஒன்று ஓஏஇ: காதில் சின்ன முனையை வைத்தால், உள்காது திருப்பி அனுப்புகிற மெல்லிய எதிரொலியைப் பிடிக்கும். உள்காது இப்படி ஒலி எழுப்புகிறது என்பதையே 1978-இல்தான் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி உலகத்துக்குக் காட்டினார். சில நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் உள்காதோடு நின்றுவிடும், நரம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இன்னொன்று ஏபிஆர், சில இடங்களில் பெரா என்பார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டிகளை ஒட்டி, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. உங்கள் மகனுக்கு இந்த இரண்டாவது கட்டாயம் வேண்டும். முதல் டெஸ்டை மட்டும் எடுத்துவிட்டு "பாஸ்" என்று அனுப்பினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள், காமாலைக்கு ரத்தம் மாற்றிய பிள்ளை, ஏபிஆர் எப்போது எடுப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சரி, ஏன் இந்த அவசரம்? மூளைக்குக் கேட்கப் பழகுகிற வயது என்று ஒன்று உண்டு. பிறவியிலேயே சுத்தமாகக் கேட்காத பிள்ளைகளுக்கு, அறுவை சிகிச்சை செய்து உள்காதில் காக்லியர் கருவி வைத்தவர்களை ஆராய்ந்து பார்த்ததில், மூன்றரை வயதுக்கு முன்னால் வைத்தவர்களின் மூளை ஒலியைக் கையாளும் விதம் மற்றப் பிள்ளைகளோடு கிட்டத்தட்டச் சேர்ந்துகொள்கிறது, ஏழு வயதுக்குப் பிறகு வைத்தால் அப்படி நடப்பதில்லை. இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். மூன்று வயது வரை காத்திருந்து அப்புறம் கடிதம் வாங்கி, தேதிக்குக் காத்திருந்து, பிள்ளை தூங்கவில்லை என்று ஒரு தடவை டெஸ்ட் தள்ளிப்போய், காது மெஷின் போட்டு மூன்று நான்கு மாதம் பார்த்து, போதவில்லை என்று தெரிந்து, அறுவை சிகிச்சைக்கு வரிசையில் நின்றால் அவனுக்கு நான்கு வயது தாண்டியிருக்கும். கிளினிக்கில் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மூன்று வயதில் ஆரம்பித்தால் அதன் பிறகு எவ்வளவு காலம் ஓடும் என்பதை அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஓரளவு காது கேட்கிற குறை என்றாலும் இதே கதைதான். 1998-இல் அமெரிக்காவின் கொலராடோவில் யோஷினாகா-இட்டானோவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து உதவி தொடங்கிய பிள்ளைகள் மொழியில் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னே நின்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் நாங்கள் வைத்திருக்கிற கணக்கு: ஒரு மாதத்துக்குள் முதல் டெஸ்ட், மூன்று மாதத்துக்குள் முழுப் பரிசோதனை, ஆறு மாதத்துக்குள் மெஷினும் பயிற்சியும். உங்களுக்கு அந்தத் தேதிகள் போய்விட்டன. அதை நினைத்து அழுதுகொண்டிருக்க வேண்டாம், இருபத்தேழு மாதம் என்பது இன்னும் நல்ல வயதுதான்.

தேதி கொடுத்தும் போகாமல் விட்டது நீங்கள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கைப்படி உதவி தேவைப்படும் அளவுக்குக் காது கேட்காத பிள்ளைகள் உலகத்தில் 34 மில்லியன் பேர், இப்படிப்பட்ட குறை உள்ளவர்களில் பெரும்பகுதி வசதி குறைந்த, நடுத்தர நாடுகளில்தான் இருக்கிறார்கள். குழந்தைகளின் குறைகளில் கிட்டத்தட்ட 60 சதவீதம் தடுக்கக்கூடியது. ருபெல்லா, மூளைக்காய்ச்சல், காதில் சீழ், பிறப்பு நேரச் சிக்கல்கள், இப்படி. பல நாடுகளில் டெஸ்ட் வசதி குறைவு, நிறையக் குழந்தைகள் வீட்டில் பிறக்கிறார்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் டாக்டர் போலாஜோகோ ஒலுசான்யா என்பவர் இதற்கு ஒரு வழி செய்தார். எந்த ஏழைத் தாயும் பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசியை விடுவதில்லை, ஊசி போட வரும் இடத்திலேயே காதையும் பார்த்துவிடுவோம் என்று அங்கே உட்கார்ந்து டெஸ்ட் எடுத்தார். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது. நம் நாட்டில் ஆஸ்பத்திரியில்தான் பெரும்பாலும் பிரசவம், மெஷினும் இருக்கிறது, முதல் டெஸ்டும் நடக்கிறது, பிள்ளைகள் காணாமல் போவது முதல் டெஸ்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்தான். வேலை மாறும், தோட்டம் மாறும், ஃபோன் நம்பர் மாறும், லாரி ஓட்டுகிறவருக்கு லீவு கிடைக்காது. உங்கள் மகன் ஒன்பது மாதத்திலும் ஒரு வயதிலும் எம்எம்ஆர் ஊசிக்குப் போயிருப்பான், எடை பார்த்திருப்பார்கள், உயரம் அளந்திருப்பார்கள். அன்றைக்கு யாராவது கிளினிக் புத்தகத்தைப் பின்பக்கம் புரட்டி, இந்தக் காது டெஸ்ட் என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. எனக்குக் கோபம் அந்த இடத்தில்தான், உங்கள் மேல் இல்லை.

இனி எப்படிப் போவது. அரசாங்க கிளினிக்கில் டாக்டரையே பாருங்கள், கவுண்டரில் பேசிவிட்டுத் திரும்ப வேண்டாம். "பேசவில்லை" என்று ஆரம்பித்தால் மறுபடி மூன்று வயது பேச்சுதான் வரும். "பிறந்தபோது காது டெஸ்டில் ஒரு காது வரவில்லை, மறு டெஸ்டுக்குப் போகவில்லை, காமாலைக்கு ரத்தம் மாற்றிய பிள்ளை" என்று இந்த மூன்றையும் மலாயில் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனூன் ஆஸ்பத்திரியின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அரசாங்க கிளினிக் கடிதத்தோடு போனால் குடிமக்களுக்குக் கட்டணம் சில ரிங்கிட்தான், உங்களுக்கு ஆகிற செலவு பெட்ரோலும் ஒரு நாள் சம்பளமும். தேதி தள்ளிக் கொடுத்தால், யாராவது வராவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி நம்பரை விட்டு வாருங்கள், வாரம் ஒரு தடவை நீங்களும் கூப்பிட்டுக் கேளுங்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால் தனியார் ஆடியோலஜிஸ்டிடம், அதாவது காது கேட்பதைப் பரிசோதிக்கிற நிபுணரிடம், முதல் கட்ட டெஸ்டை எடுத்துக்கொண்டு அந்தத் தாளோடு அரசாங்க வரிசைக்குப் போகலாம், ஆனால் பிள்ளைகளைப் பார்க்கிற இடமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு மெஷின் விற்கிற கடையில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டாம். ஷோப்பியில் ஐம்பது அறுபது ரிங்கிட்டுக்கு வருகிற சத்தம் பெருக்கிகளைத் தொடவே தொடாதீர்கள், எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் உள்ளே கொட்டும், மிச்சம் இருக்கிற காதையும் கெடுத்துவிடலாம்.

டெஸ்டு நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், யாரும் சொல்லித்தருவதில்லை. ஏபிஆர் எடுக்கப் பிள்ளை தூங்க வேண்டும், நல்ல தூக்கம். அதனால் முதல் நாள் இரவு லேட்டாகப் படுக்க வையுங்கள், காலையில் சீக்கிரம் எழுப்புங்கள், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகிற அரை மணி நேரத்துக்கும் மேலான பயணத்தில் காரில் தூங்கவிடாதீர்கள், பாட்டுப் பாடியோ கிச்சுக்கிச்சு மூட்டியோ விழிக்க வைத்துக்கொள்ளுங்கள். காரில் இருபது நிமிடம் தூங்கிவிட்டு அறைக்குள் வந்து குதிக்கிற பிள்ளையால் எத்தனையோ டெஸ்டுகள் வீணாகியிருக்கின்றன. அன்று தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், நெற்றியில் விபூதி, மை எதுவும் வேண்டாம், ஒட்டி ஒட்டாது. தேய்த்துத் துடைக்கும்போது தூங்கின பிள்ளை எழுந்துவிடும். தூங்க மருந்து கொடுப்பதாக இருந்தால் சாப்பாட்டை எப்போது நிறுத்த வேண்டும் என்று முன்பே ஃபோனில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு டெஸ்டுக்கு விழித்திருக்க வேண்டும். உங்கள் மடியில் உட்கார வைத்து, பக்கவாட்டு ஸ்பீக்கரில் மெல்லிய ஒலி விடுவார்கள், அவன் அந்தப் பக்கம் திரும்பினால் இருட்டுப் பெட்டிக்குள் விளக்கு எரிந்து ஒரு குரங்குப் பொம்மை மேளம் அடிக்கும். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். நீங்கள்தான் கஷ்டப்படுவீர்கள், ஏனென்றால் ஒலி வரும்போது நீங்கள் ஒரு விரல்கூட அசையக் கூடாது, தொடையை லேசாக இறுக்கினாலே அவன் புரிந்துகொண்டு திரும்பிவிடுவான்.

நடுக்காதில் சளித் தண்ணி கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சில பிள்ளைகளுக்குக் காரணமே அதுதான், மருத்துவத்திலோ சின்ன அறுவையிலோ சரியாகிவிடும். நீங்களாகக் காதில் சுடவைத்த எண்ணெய் விடுவது, பஞ்சுக் குச்சி போடுவது எல்லாம் வேண்டாம். நாக்குக்குக் கீழே சதை ஒட்டியிருக்கிறது, அதை வெட்டினால் பேசுவான் என்று யாராவது வருவார்கள், வராமல் இருக்க மாட்டார்கள். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்து மழுங்கலாம், பேச்சே வராமல் போகாது. வசம்பு நாக்கில் தடவுவதும் அந்த ரகம்தான்.

செலவு. இரண்டு காதிலும் நரம்பு அல்லது உள்காதுக் குறை என்று உறுதியானால் பெரும்பாலும் இரண்டு காதுக்கும் மெஷின் என்று வரும், வெளியில் வாங்கினால் ஆயிரக்கணக்கில் போகும், தோட்டச் சம்பளத்துக்குக் கட்டாது. அதற்காகப் பயந்து டெஸ்டைத் தள்ளாதீர்கள், வழி இருக்கிறது. டாக்டர் கையெழுத்துப் போட்ட பாரத்தோடு ஜேகேஎம் என்கிற சமூகநலத் துறையில், உங்களுக்குக் கோலகங்சார் மாவட்ட அலுவலகம், ஓகேயு கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்கு, பதிந்துகொள்ளுங்கள், பதிவு இலவசம். கார்டு இருந்தால் கருவி வாங்க ஜேகேஎம் உதவிக்கு மனு போடலாம். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிற சமூகநல அதிகாரி வழியாகப் போகலாம், அவர் அறை எங்கே என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். பிள்ளைக்கு இப்படி ஒரு முத்திரை குத்த வேண்டுமா என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கார்டு பையில் இருக்கப் போகிறது, நெற்றியில் இல்லை. காக்லியர் தேவைப்பட்டாலும் நம் நாட்டிலேயே நடக்கிறது, மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1995-இல் தொடங்கியது, பிறகு சுகாதார அமைச்சின் ஆஸ்பத்திரிகளுக்கும் வந்தது, தேர்ந்தெடுக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே செலவை ஏற்கிறது, தேர்வில் வயதும் பார்ப்பார்கள். சொந்தக்காரர்கள் யாராவது சென்னையில் இலவசமாகச் செய்கிறார்களாமே என்பார்கள். அது தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டுத் திட்டம், அங்கே குடியிருக்கிற குடும்பங்களுக்கு. டிக்கெட் காசை மிச்சம் பிடியுங்கள்.

மெஷின் வந்த பிறகு நம் ஊர் வெக்கை ஒரு தலைவலி. வியர்வை உள்ளே போய் அடிக்கடி நின்றுபோகும், ராத்திரி சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும். பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, அதனால் பூட்டு வைத்த பேட்டரிக் கதவு உள்ள மெஷினா என்று பாருங்கள். காது வளர வளர உள்ளே வைக்கிற அச்சு லூசாகிக் கீச்சென்று கத்தும், அப்போது மெஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடாமல் புது அச்சு எடுக்கப் போக வேண்டும். முதல் வாரம் பிடுங்கிப் பிடுங்கி எறிவான். திரும்பத் திரும்ப மாட்டுங்கள், கண் விழித்திருக்கிற நேரமெல்லாம் காதில் இருக்க வேண்டும்.

அத்தை மகன் விஷயம். சொந்தத்தில் கட்டிய பெரும்பாலான தம்பதிகளுக்கு நன்றாகக் கேட்கிற பிள்ளைகள்தான் பிறக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் மறைந்து வருகிற ஒரு மரபணுக் குறை கணவன் மனைவி இரண்டு பேரிடமும் இருந்தால், இரண்டு பேருக்கும் காது நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு பிள்ளைக்கு வரும். சொந்தத் திருமணத்தில் இப்படி இரண்டு பேரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். உங்கள் மகன் விஷயத்தில் கண்ணுக்குத் தெரிகிற காரணம் காமாலை, அதனால் இதை வைத்துக்கொண்டு வீட்டில் யார் பக்கத்து ரத்தம் என்று பஞ்சாயத்து வைக்க வேண்டாம். ஆனால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அடுத்த குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே காது டெஸ்ட் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

கடைசியாகத் தோழி சொன்னது. இதைப் பள்ளிக்கூட ஆசிரியர்கள்கூடச் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நீங்கள் வேலைக்குப் போன பிறகு மகன் யாரோடு இருக்கிறான்? மாமியாரோடு. அவருக்கு ஓடி வருகிற மொழி எது? மலாய் மட்டும் என்று சட்டம் போட்டால், நாள் முழுக்க அவனோடு பேசக்கூடிய ஒரே ஆளின் வாயைக் கட்டிவிடுகிறீர்கள். நீங்களும் பசாரில் பேசுகிற மலாயில் "மாரி", "மாக்கான்", "ஜாங்ஙான்" (வா, சாப்பிடு, வேண்டாம்) என்று கட்டளைதான் போடுவீர்கள், கொஞ்ச மாட்டீர்கள், கதை சொல்ல மாட்டீர்கள். காது மந்தமான பிள்ளைக்கு வேண்டியது நிறைய பேச்சு, முழுப் பேச்சு, அது உங்களுக்குத் தூக்கத்திலும் வருகிற மொழியில்தான் கிடைக்கும். ஒரு மொழி நன்றாக ஊன்றினால் மலாயும் இங்கிலீசும் பாலர் பள்ளியில் வந்து சேர்ந்துகொள்ளும். தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர்கள் நம் நாட்டில் குறைவு என்பது உண்மைதான், கிடைக்காவிட்டால் பயிற்சியாளர் மலாயில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், நீங்கள் வீட்டில் தமிழில் செய்யுங்கள்.

தேதி வருகிற வரை சும்மா இருக்க வேண்டாம். ஆஸ்ட்ரோ டிவியை அணைத்துவிட்டு, ஒரு கை தூரத்துக்குள், முகத்தில் வெளிச்சம் படுகிற மாதிரி உட்கார்ந்து பேசுங்கள். கத்தத் தேவையில்லை, கத்தினால் வாய் கோணும், எழுத்து உடையும். தமிழில் "வந்தான்", "வந்தாள்", "வந்தேன்" எல்லாம் கடைசியில்தான் பிரிகிறது, நாமோ கடைசியை விழுங்கிவிடுகிறோம், கடைசி வரை சொல்லி முடியுங்கள். குளிப்பாட்டும்போது கிண்ணத்தில் தண்ணியை எடுத்து, உடனே ஊற்றாமல், "ஊத்தட்டுமா?" என்று கேட்டு அவன் முகத்தைப் பாருங்கள். அவன் ஏதாவது ஒரு சத்தமோ சைகையோ காட்டும் வரை பொறுங்கள், காட்டியதும் "ஊத்து! தண்ணி ஊத்து!" என்று ஊற்றுங்கள். இதே சொல் தினமும், இதே இடத்தில். மாமியாரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள், மூன்று வயது வரை பார்க்கலாம் என்று சொல்கிறவரும் இதில் சலிக்காமல் இறங்குவார், பேரன் ஆயிற்றே. சைகை காட்டினால் பேச்சு வராது என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். காது எந்த அளவு என்று தெரியாத இந்த நாட்களில் கையும் வாயும் சேர்ந்தே பேசட்டும். குறை பெரியது என்று வந்தாலும் சைகை ஒரு முழு மொழிதான், 2008-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டமே மலேசியச் சைகை மொழியை அங்கீகரித்திருக்கிறது.

டெஸ்ட் முடிந்ததும் ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) அல்லது ஏபிஆர் தாளின் நகலைக் கேட்டு வாங்கி அதன் படத்தை அனுப்புங்கள். இரண்டு காதுக்கும் தனித்தனியாக எண் இருக்கும், அதைப் பார்த்தால் மெஷினா, தண்ணி எடுக்கிற அறுவையா, காது சரி வேறு காரணம் தேட வேண்டுமா என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். "நார்மல் இல்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால், அந்தத் தேதியை எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள்.